கக்குவானை ஆராய்ந்த கெண்ட்ரிக் அம்மையார்

1932ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த கிராண்ட் ரேபிட்ஸ் நகரில் கக்குவான் இருமல் பரவியது. அக்காலத்தில் அந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,000 பேர் இந்நோயால் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. தடுப்பூசி என்ற பெயரில் சில விற்பனைக்கு வந்திருந்தன. ஆனால், அவற்றை மருத்துவர்கள் நம்பவில்லை.

கக்குவானின் சூழ்ச்சி அதன் தொடக்கத்தில்தான் இருக்கிறது. முதல் ஓரிரு வாரங்களுக்கு அது சாதாரணச் சளியைப் போலவே தோன்றும். மூக்கு ஒழுகும், இலேசாக இருமல் வரும். பிள்ளை வழக்கம்போல் பள்ளிக்குச் செல்லும், நண்பர்களோடு விளையாடும். நோய் மிக எளிதாகப் பிறரைத் தொற்றுவதும் இந்த நாள்களில்தான். அதன் பின்னரே இருமல் அடுக்கடுக்காக வரத் தொடங்கும். மூச்சு வாங்க இடைவெளியின்றி இருமித் தீர்த்தபின், குழந்தை காற்றை உள்ளிழுக்கும்போது கூவுவது போன்ற ஓர் ஒலி எழும். முகம் சிவந்து நீலம் பாரிப்பதுண்டு. இருமலின் முடிவில் வாந்தி எடுப்பதும் உண்டு. இரவில் தொல்லை இன்னும் கூடும். சீனமொழியில் இந்நோய்க்கு நூறு நாள் இருமல் என்றே பெயர்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வர். சிலருக்குக் கூவும் ஒலிகூட எழாது. விடாத இருமலாக மட்டும் வந்து போய்விடும். ஆனால், அவர்கள் வழியாக வீட்டுக்குள் நுழையும் கிருமி, தொட்டிலில் கிடக்கும் தம்பியையோ தங்கையையோ பற்றிக்கொண்டால் நிலைமை வேறு. கைக்குழந்தைக்கு இருமவும் வலுவிருக்காது, மூச்சே தடைபட்டுவிடக்கூடும். எனவே, இருமும் ஒரு மாணவனைப் பரிசோதிக்கும் தாதி பல கேள்விகளைக் கேட்க வேண்டியிருந்தது. இருமல் எப்போது தொடங்கியது? பகலில் அதிகமா, இரவில் அதிகமா? இருமியபின் வாந்தி வருகிறதா? முகத்தின் நிறம் மாறுகிறதா? வகுப்பில் வேறு யாரேனும் இருமுகிறார்களா? வீட்டில் கைக்குழந்தை உண்டா? இத்தனையும் கேட்ட பிறகும், நோயின் முதல் வாரத்தில் இது சளியா கக்குவானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. காதால் கேட்டு மட்டுமே முடிவு செய்ய முடியாத இந்த இருமலை ஆராய்வதற்கே பேர்ல் கெண்ட்ரிக் அம்மையார் தம் வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டார்.

பேர்ல் கெண்ட்ரிக் 1890ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் இல்லினாய்ஸ் மாநிலத்தின் வீட்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஒரு சமயப் போதகர். மூன்று வயதில் பேர்லையும் கக்குவான் தாக்கியது, அவர் பிழைத்தெழுந்தார். 1914இல் சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் நுண்ணுயிரியல் பயின்று 1920இல் மிச்சிகன் மாநிலச் சுகாதாரத் துறையில் சேர்ந்தார். 1926இல் கிராண்ட் ரேபிட்ஸ் நகரிலிருந்த கிளை ஆய்வகத்தின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நீரையும் பாலையும் இரத்தத்தையும் சோதித்துப் பார்ப்பதே அந்த ஆய்வகத்தின் அன்றாட வேலை. இதற்கிடையில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலும் பயின்று, 1932இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார். அவரோடு பணியாற்ற வந்தவர் கிரேஸ் எல்டரிங். அவரும் சிறுவயதில் கக்குவானால் துன்புற்றவரே.

கக்குவானை ஆராய அனுமதி கிடைத்தது. ஆனால், அன்றாட வேலை குறையவில்லை. ஆகவே, பகலில் ஆய்வகப் பணியை முடித்துவிட்டு, மாலையில் இருவரும் வீடு வீடாகப் புறப்பட்டனர். உலகப் பொருளாதார மந்தநிலை நிலவிய காலம் அது. வேலையிழந்த தந்தையர், மண்ணெண்ணெய் விளக்கொளியில் இருமிக்கொண்டிருந்த பிள்ளைகள், செய்வதறியாத தாய்மார்கள் ஆகியோரை அவர்கள் ஒவ்வொரு மாலையும் சந்தித்தனர்.

அவர்கள் கையில் எடுத்துச் சென்றது ஒரு வட்டமான, மூடியிட்ட கண்ணாடித் தட்டு. அதனுள் உருளைக்கிழங்குச் சாறும் இரத்தமும் கலந்த கூழ் உறைந்திருக்கும். கக்குவான் கிருமியை 1906இல் பிரித்தெடுத்த பெல்ஜிய அறிவியலாளர்கள் போர்தே, ஜாங்கு இருவரும் உருவாக்கிய வளர்ப்பு ஊடகம் அது. பிள்ளைக்கு இருமல் வரும்போது மூடியைத் திறந்து, தட்டை வாய்க்கு நேரே சில அங்குலத் தொலைவில் பிடிக்க வேண்டும். இருமலோடு தெறிக்கும் நுண்துளிகள் கூழின்மீது படியும். தட்டை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, உடல் வெப்பநிலையில் சில நாள்கள் வைத்திருந்தால், கிருமி இருக்குமானால் சின்னஞ்சிறு பளபளப்பான புள்ளிகள் தோன்றும். அவை முத்தை இரண்டாக அறுத்து ஒட்டியது போல் இருக்கும் என்று நுண்ணுயிரியலார் வருணிப்பர். பேர்ல் என்ற பெயருக்கும் முத்து என்பதுதான் பொருள்.

1932 நவம்பரில் அவர்களின் தட்டில் கிருமி வளர்ந்தது. அதன்பின் ஆய்வகம் நகரத்து மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் இருமல் தட்டுகளை வழங்கத் தொடங்கியது. மருத்துவர் தம் ஊகத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டிய நிலை மாறியது. நோய் தொற்றாமலிருக்க ஒரு பிள்ளையை எத்தனை நாள் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கும் தட்டுகளே விடையளித்தன. ஒரே பிள்ளையின் இருமலை மீண்டும் மீண்டும் சோதித்தபோது, நோயின் தொடக்கத்தில் நிறைந்திருந்த கிருமி வாரங்கள் செல்லச் செல்ல மறைவதைக் கண்டனர். பெரும்பாலோரின் தட்டில் ஐந்து வாரங்களுக்குப்பின் கிருமி வளரவில்லை. இருமல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாலும் அப்பிள்ளையால் பிறருக்கு ஆபத்தில்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

அடுத்த முயற்சி தடுப்பூசி. ஆய்வகத்தில் வளர்த்த கிருமிகளைக் கொன்று, தூய்மைப்படுத்தி ஊசிமருந்து தயாரித்தனர். அதை முதலில் விலங்குகளிடம் சோதித்தனர். பிறகு கெண்ட்ரிக்கும் எல்டரிங்கும் தங்கள் கைகளிலேயே போட்டுக்கொண்டனர். தீங்கு ஏதுமில்லை என்று உறுதியான பின்னரே குழந்தைகளுக்கு வழங்கினர்.

ஊசி போட்ட குழந்தைகளுக்கு நோய் வரவில்லை என்று மட்டும் சொன்னால் போதுமா? கக்குவான் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகும். பிறகு தானாகவே அடங்கும். அடங்கிய ஆண்டில் ஊசி போட்டவர் அதைத் தம் மருந்தின் வெற்றி என்று எளிதில் நம்பிவிடலாம். முந்தைய தடுப்பூசிகள் பலவற்றுக்கு நேர்ந்த கதி இதுதான். கெண்ட்ரிக் அம்மையார் இந்தக் குழியில் விழ விரும்பவில்லை. 1934இல் தொடங்கிய ஆய்வில், ஊசி போட்ட குழந்தைகளுக்கு ஈடாக, அதே நகரில் வாழ்ந்த, ஊசி போடாத குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார். தாதியர் இரு தரப்பு வீடுகளுக்கும் தவறாமல் சென்று விசாரித்தனர். யாருக்கேனும் இருமல் என்று தெரிந்தால், அது ஊசி போட்ட பிள்ளையா போடாத பிள்ளையா என்று பாராமல் தட்டை நீட்டினர்.

முதல் முடிவுகள் வியப்பூட்டும் அளவுக்கு நன்றாக இருந்தன. சிலர் அதனாலேயே ஐயுற்றனர். அவர்களுள் ஒருவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் நோய்ப்பரவியல் பேராசிரியர் வேட் ஹாம்ப்டன் ஃபுரோஸ்ட். அவர் கிராண்ட் ரேபிட்ஸ் நகருக்கே வந்து ஆய்வை நேரில் பார்வையிட்டார். ஒப்பிடும் முறையில் சில திருத்தங்களையும் சொன்னார். கெண்ட்ரிக் அம்மையார் அவற்றை ஏற்றுக்கொண்டு ஆய்வைத் தொடர்ந்தார். கையில் நல்ல முடிவு இருக்கும்போது அதைத் திரும்பவும் சோதனைக்கு உட்படுத்த எல்லாரும் முன்வருவதில்லை.

பணத்தட்டுப்பாடு வேறு அவர்களை நெருக்கியது. அதிபரின் துணைவியார் எலியனோர் ரூஸ்வெல்ட்டுக்கு அம்மையார் அழைப்பு அனுப்பினார். அவர் வந்து ஆய்வகத்தைப் பார்வையிட்டார். அதன்பின் அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தின் வழியாகக் கூடுதல் பணியாளர்கள் கிடைத்தனர்.

1939இல் முழு அறிக்கை வெளிவந்தது. ஆய்வில் 4,200க்கும் மேற்பட்ட குழந்தைகள் இடம்பெற்றிருந்தனர். ஊசி போடாதவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருக்கு நோய் கண்டிருந்தது. ஊசி போட்டவர்களில் அந்த எண்ணிக்கை 2 அளவிலேயே நின்றது. 1940களில் இத்தடுப்பூசி அமெரிக்கா முழுவதும் பரிந்துரைக்கப்பட்டது. தொண்டை அடைப்பான், கக்குவான், இசிவு நோய் ஆகிய மூன்றையும் ஒரே ஊசியில் தடுக்கும் முத்தடுப்பூசியை உருவாக்கும் பணியிலும் அவரது குழு ஈடுபட்டது. இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குழந்தைகளுக்குப் போடப்படும் கூட்டுத் தடுப்பூசி அந்த வழியில் வந்ததே. ஆனால், அதன் கக்குவான் பகுதியின் தயாரிப்பு முறை இப்போது மாறிவிட்டது.

இக்குழுவில் 1940களில் இணைந்த மற்றொருவர் லோனி கோர்டன். உணவியல் படித்த கறுப்பினப் பெண்ணான அவருக்கு, நிறவேற்றுமை காரணமாகப் படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் இருந்தது. கெண்ட்ரிக் அம்மையார் அவரை ஆய்வகத்தில் சேர்த்துக்கொண்டார். ஆயிரக்கணக்கான தட்டுகளைப் பொறுமையுடன் உற்றுநோக்கி, தடுப்பூசிக்கு ஏற்ற வீரியமிக்க கிருமி வகையைத் தேர்ந்தெடுக்க உதவியவர் அவர்.

1951இல் கெண்ட்ரிக் அம்மையார் ஆய்வகப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். எல்டரிங் அப்பொறுப்பை ஏற்றார். அம்மையாரோ ஓய்ந்திருக்கவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குக் கற்பித்தார். பிற நாடுகளுக்குச் சென்று தடுப்பூசித் திட்டங்களுக்கு ஆலோசனை வழங்கினார். 1980ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், தமது 90ஆம் வயதில் மறைந்தார். மூன்று ஆண்டுகளுக்குப்பின், மிச்சிகன் மாநிலப் பெண்களின் புகழ்ப் பட்டியலில் அவர் பெயரும் எல்டரிங்கின் பெயரும் ஒரே ஆண்டில் சேர்க்கப்பட்டன. லோனி கோர்டனின் பெயர் 2000ஆம் ஆண்டில் அப்பட்டியலில் இடம்பெற்றது.