காற்றுக்குக் கணக்குப் பார்த்த வோக்கர்

டார்ம்ஸ்டாட்டில் மாசி மாதத்தில் புயல் அடித்தால் எங்கட பெரியவர்கள், முந்தி இப்படிக் காற்று இல்லை, காலம் கெட்டுப் போச்சு என்று சொல்லுவினம். ஊரில் வாடைக்காற்று பிந்தினாலும் இதே கதைதான். உண்மையில் காற்று மாறிவிட்டதா? இதை அறிய வழிகாட்டியவர் சேர் கில்பேர்ட் வோக்கர்.

1868இல் இங்கிலாந்தில் பிறந்த இவர் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலாவதாக வந்தவர். வானிலை படித்தவர் அல்லர். ஆனாலும் 1904இல் இந்திய வானிலைத் திணைக்களத்தின் தலைவரானார். 1899இல் மழை பொய்த்து வந்த பஞ்சத்தில் இலட்சக்கணக்கான சனம் மாண்டிருந்தது. அடுத்த பருவக்காற்று பிழைக்குமா என்று முன்கூட்டியே சொல்வதுதான் அவருடைய வேலை.

ஒரு வருசக் காற்றை வைத்து அவர் முடிவு சொல்லவில்லை. உலகம் முழுவதிலுமிருந்து பல்லாண்டுக் காற்றழுத்த, மழைப் பதிவுகளைத் திரட்டி, எழுதுவினைஞர்களை வைத்துக் கையாலேயே கணக்குப் போடுவித்தார். பசிபிக்கில் காற்றழுத்தம் கூடினால் இந்து சமுத்திரத்தில் குறையும் என்று கண்டார். அதற்குத் தென் அலைவு என்று பெயர். ஐஸ்லாந்துக்கும் அசோர்ஸ் தீவுகளுக்கும் இடையிலும் இப்படி ஒன்று உண்டு. அந்த அழுத்த வித்தியாசம் கூடினால் மேற்குக் காற்று பலத்து, ஜேர்மனியில் குளிர்காலம் புயலாக இருக்கும். இது வட அத்திலாந்திக் அலைவு. இரண்டுக்கும் 1924இல் பெயர் வைத்தவர் அவரே.

இன்னொன்றும் சொல்ல வேணும். 1913இல் சென்னைக்கு வந்தபோது, துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த இராமானுஜனின் கணக்குகளைப் பார்த்து, உதவி செய்யும்படி பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பட்டமில்லாத அந்த இளைஞருக்கு மாதம் 75 ரூபா கிடைத்தது. ஏ.எல்.உடன் படிப்பை விட்ட எனக்கு இது மனதைத் தொட்ட இடம்.

மழையை முன்கூட்டிச் சொல்வதில் வோக்கர் நினைத்த வெற்றி கிடைக்கவில்லை. 1958இல் காலமானார். 1969இல்தான் பியர்க்னெஸ் என்பவர் தென் அலைவை எல்நீனோ கடற்சூட்டோடு இணைத்து விளக்கினார்.

அப்ப பெரியவர்கள் சொல்வது சரியா? பழைய அழுத்தப் பதிவுகளைப் பாருங்கோ. வடகடற் புயல்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கூடுதலாக இருந்து, 1960களில் குறைந்து, 1990 அளவில் மீண்டும் ஏறி, பிறகு இறங்கின. 1990 மாசிக் கடைசியில் இங்கே காடுகளைச் சாய்த்த புயல்கள் அந்த ஏற்றத்தில் வந்தவை. ஒரேயடியாகக் கூடிக்கொண்டு போகவில்லை. ஆனால் கடல்மட்டம் உயர்வதால், அதே புயல் வந்தாலும் கரைக்கு வரும் வெள்ளம் கூடும்.

ஆகவே பெரியவர்களே, 1964 மார்கழிப் புயலையும் 1978 மட்டக்களப்புச் சூறாவளியையும் பிள்ளைகளுக்கு வருசத்தோடு சொல்லுங்கோ, எழுதியும் வையுங்கோ.