ஆபீஸுக்கு முன்னும் பின்னும் ராமன்

வேலைக்குப் போய்க்கிட்டே மினியேச்சர் ரயில் செய்யவோ, வயலின் கத்துக்கவோ நேரம் எங்கே இருக்குன்னு கேட்கிறீங்களா? ஸ்ரீரங்கம் தீவிலேயே இருக்கிற திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7-ல், தாய்வழித் தாத்தா வீட்டில் பிறந்த சர் சி.வி.ராமனைக் கொஞ்சம் பாருங்க.

நோபல் விஞ்ஞானியாகத் தெரிந்த அவர், பத்து வருஷம் கணக்குத் துறை அதிகாரி. 1907-ல் நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பிடித்து, 18 வயதில் கல்கத்தாவில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரல் ஆனார். ஒருநாள் டிராமில் போகும்போது, பவ்பஜார் தெருவில் அறிவியல் வளர்ச்சிக்கான இந்தியச் சங்கத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. உள்ளே போய், அங்கே ஆய்வு செய்ய அனுமதி வாங்கிட்டார்.

அதுக்கப்புறம் அவர் டைம்டேபிள் இதுதான். காலை ஐந்தரைக்கே ஆய்வகத்துக்குக் கிளம்பிடுவார். பத்து மணிக்குள் வீடு திரும்பி அவசரமா குளியல், சாப்பாடு, உடனே ஆபீஸ். மாலை ஐந்துக்கு மறுபடி ஆய்வகம். வீடு வர இரவு பத்தாகிடும். ஞாயிறும் அங்கேதான். வில் பட்டதும் வயலின் தந்தி எப்படி அதிருதுன்னு ஆராய்ந்தது இந்த மிச்ச நேரத்தில்தான். ரங்கூன், நாக்பூர்னு மாற்றல் வந்தப்பவும் விடலை. வீட்டிலேயே சோதனைகளைத் தொடர்ந்தார்.

இதெல்லாம் சும்மா வரலை. அவர் வீட்டில் இல்லாத அத்தனை மணி நேரமும் குடும்பத்தைத் தாங்கியவர் மனைவி லோகசுந்தரி. 1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தந்தபோது, சம்பளம் குறைவுன்னு தெரிஞ்சும் அரசு வேலையை விட்டார். 1928-ல் ராமன் விளைவு பிறந்ததும் அதே பவ்பஜார் ஆய்வகத்தில்தான். 1930-ல் நோபல்.

தினமும் ஒரே இடம், ஒரே நேரம். ராமன் நேரத்தைத் தேடலை, ஒதுக்கினார்.