கைத்துப்பாக்கிக்கு அளவு வகுத்த பிரௌனிங்

1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டபோது, வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியம் நாட்டில் செய்த ஒரு தானியங்கிக் கைத்துப்பாக்கி. அதற்கு மூன்று மாதம் முன்னதாக, மார்ச் 29-ந் தேதி, அமெரிக்க ராணுவம் தன் சிப்பாய்களுக்கென்று ஒரு புதிய கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்திருந்தது. இரண்டும் வேறு வேறு கண்டங்களில், வேறு வேறு தொழிற்சாலைகளில் உருவானவை. ஆனால் இரண்டுக்கும் மூளையாக இருந்தவர் ஒருவரே. அவர்தான் ஜான் மோசஸ் பிரௌனிங்.

கைத்துப்பாக்கி வாங்கப் போகிறவர் யாராக இருந்தாலும், அவர் சர்க்காராக இருந்தாலும் தனி மனிதராக இருந்தாலும், முதலில் எழும் கேள்வி ஒன்று உண்டு. எந்த அளவுக் குண்டு? குழலின் உள்விட்டத்தைக் கொண்டுதான் துப்பாக்கிகளை ரகம் பிரிக்கிறார்கள். அந்த அளவுக்குக் காலிபர் என்று பெயர். அமெரிக்கர்கள் ஓர் அங்குலத்தை நூறு பங்காக்கி 25, 32, 38, 45 என்று கணக்கிடுகிறார்கள். ஐரோப்பியர்கள் மில்லிமீட்டரில் சொல்கிறார்கள். இந்த எண்களுக்குள் எது நல்லது என்று நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓயாத வாதம் நடந்து வருகிறது. வாதத்தில் அடிபடும் தோட்டாக்களில் பல பிரௌனிங் வகுத்தவை. அவரோ எந்தக் கட்சியிலும் சேராமல், ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு காரியத்துக்கும் ஏற்ற அளவைத் தேடிக்கொண்டே போனார்.

பட்டறையில் பிறந்த பிள்ளை

அமெரிக்காவின் மேற்கே யூட்டா பிரதேசத்தில் பெரிய உப்பு ஏரிக்கு அருகே ஆக்டன் என்ற ஊர் இருக்கிறது. 1855-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஜான் அங்கே பிறந்தார். தந்தை ஜோனதன் பிரௌனிங் துப்பாக்கி செய்யும் கம்மியர். மார்மன் மதப் பிரிவைச் சேர்ந்த அவருக்கு மனைவியர் மூவர்; மக்கள் இருபத்திரண்டு பேர். இவ்வளவு பெரிய குடும்பத்தில் பிறந்த ஜானுக்குத் தந்தையின் பட்டறையே பள்ளிக்கூடமாக இருந்தது.

பத்து வயதிலேயே, பட்டறை மூலையில் கிடந்த உடைந்த குழல் ஒன்றை எடுத்து, மரக்கட்டையில் பொருத்தி, ஒரு துப்பாக்கி செய்துவிட்டார். தம்பி மாட்டும் அவரும் அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கோழி வேட்டைக்குப் போனார்கள். கையில் கிடைத்த பொருளைக் கொண்டு வேண்டிய கருவியைச் செய்துவிடும் இந்தச் சாமர்த்தியம் கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை. வரைபடம் போட்டு வேலை செய்வது அவருக்குப் பழக்கமில்லை. யந்திரம் முழுவதையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, நேரே தகட்டை வெட்ட உட்கார்ந்துவிடுவார்.

1879-ல் தந்தை காலமானார். அதே ஆண்டு ஜான் தமது முதல் ரைபிளுக்குப் பேடண்டு உரிமை பெற்றார். சகோதரர்கள் சேர்ந்து ஆக்டனில் சிறு தொழிற்சாலை ஒன்று வைத்து அந்த ரைபிளைச் செய்து விற்றார்கள். 1883-ல், புகழ் பெற்ற வின்செஸ்டர் கம்பெனியின் பென்னட் என்பவர், கண்டத்தின் மறு கோடியிலிருந்து ரயிலேறி அந்தச் சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். 8,000 டாலர் கொடுத்து ரைபிளின் உரிமையை வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து பத்தொன்பது ஆண்டுகள் பிரௌனிங் செய்வதும் வின்செஸ்டர் வாங்குவதுமாகக் காலம் ஓடியது.

வீணாகும் வேகம்

1889-ல் நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள். நண்பர்களோடு குறி பார்த்துச் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு வெடிக்கும் குழல் வாய்க்கு முன்னால் இருந்த செடிகள் சாய்ந்து நிமிர்வதைப் பிரௌனிங் கவனித்தார். பல்லாயிரம் பேர் பார்த்த காட்சிதான். ஆனால் வெடிமருந்தின் சக்தியில் இவ்வளவு வீணாகிறதே, அதைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றக் கூடாதா என்று அவருக்குத்தான் தோன்றிற்று. அந்த எண்ணத்திலிருந்து யந்திரத் துப்பாக்கி பிறந்தது. சில ஆண்டுகளில் அதே எண்ணம் கைத்துப்பாக்கிக்கும் வந்தது.

அதுவரை கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் ரிவால்வர்தான். உருளையில் ஆறு அறை, ஆறு தோட்டா. பிரௌனிங் செய்த கைத்துப்பாக்கியில் குழலுக்கு மேலே ஓர் இரும்புச் சட்டம் வழுக்கி ஓடும். வெடி வெடித்ததும் அதன் உதைப்பு சட்டத்தைப் பின்னால் தள்ளும். காலித் தோட்டா வெளியே தெறிக்கும். சுருள்வில் சட்டத்தை முன்னே இழுக்கும். பிடிக்குள் அடுக்கியிருக்கும் தோட்டாக்களில் அடுத்தது மேலேறி உட்காரும். இமைப்பொழுதில் இவ்வளவும் முடிந்துவிடும். இன்று உலகில் செய்யப்படும் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் அந்தச் சட்டம் இருக்கிறது.

குண்டின் அளவு இங்கேதான் முக்கியமாகிறது. சிறிய தோட்டாவானால் உதைப்பும் சிறிது. சட்டத்தின் எடையும் சுருள்வில்லும் அதைத் தாங்கிவிடும். துப்பாக்கி எளிமையாக, இலேசாக, மலிவாக அமையும். பெரிய தோட்டாவுக்கு அது போதாது. குண்டு வெளியேறும் வரை குழலையும் சட்டத்தையும் ஒன்றாகப் பூட்டி வைக்க வேண்டும். துப்பாக்கி பெரிதாகும், கனக்கும், விலையும் ஏறும். ஆகவே அளவைத் தேர்ந்தெடுப்பவர் துப்பாக்கியின் உடலமைப்பையே தேர்ந்தெடுக்கிறார்.

பிரௌனிங் தோட்டாவையும் துப்பாக்கியையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக வகுத்தார். 1899 முதல் 1908 வரை ஒன்பது ஆண்டுகளில் ஆறு விதத் தோட்டாக்கள் அவர் துப்பாக்கிகளோடு உலகுக்கு வந்தன. சட்டைப் பைக்குள் அடங்கும் 6.35 மில்லிமீட்டர் துப்பாக்கி 400 கிராம் எடைகூட இல்லை. அதன் குண்டு மூன்று கிராம் சொச்சம். போலீசாரும் பொதுமக்களும் விரும்பிய 7.65 மில்லிமீட்டர் குண்டு நாலரை கிராம் சொச்சம். வரிசையின் கடைசியில் நின்றது 45 ரகம். குண்டு மட்டும் பதினைந்து கிராம்; அதற்கான ராணுவத் துப்பாக்கி ஒரு கிலோவுக்கு மேல்.

பிலிப்பைன்ஸில் வந்த சங்கடம்

45 ரகத்துக்கு ஒரு கதை உண்டு. 1892-ல் அமெரிக்க ராணுவம் தன் பழைய 45 ரிவால்வரை ஒதுக்கிவிட்டு 38 ரகத்துக்கு மாறியிருந்தது. இலேசானது, எளிதில் சுடலாம் என்பது காரணம். ஆனால் பிலிப்பைன்ஸ் தீவுகளைப் பிடிக்கப் போன இடத்தில் சங்கடம் வந்தது. தெற்குத் தீவுகளைச் சேர்ந்த மோரோ வீரர்கள், 38 குண்டுகள் பல பாய்ந்த பிறகும் வாளோடு முன்னேறி வந்து வெட்டுகிறார்கள் என்று அதிகாரிகள் எழுதினார்கள். பழைய 45 ரிவால்வர்களைத் தூசி தட்டி எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று.

1904-ல் ராணுவம் இரண்டு அதிகாரிகளை நியமித்தது. ஒருவர் ஆயுதப் பகுதியைச் சேர்ந்த தாம்ஸன். மற்றவர் டாக்டரான லகார்ட். சிகாகோ நகரத்து இறைச்சிக் கிடங்கில் மாடுகள் மேலும், மனிதச் சடலங்கள் மேலும் பல அளவுக் குண்டுகளைச் சுட்டுப் பார்த்தார்கள். முடிவில், ராணுவக் கைத்துப்பாக்கி 45-க்குக் குறையக் கூடாது என்று சிபாரிசு செய்தார்கள். சுட்ட மிருகங்கள் சில. சுட்ட முறையும் ஒரே சீராக இல்லை. ஆகவே பிற்கால நிபுணர்கள் பலர் இந்தச் சோதனையைக் குறை கூறியிருக்கிறார்கள்.

அந்த அறிக்கையில் இரண்டாவதாக ஒரு சிபாரிசும் இருந்தது. கைத்துப்பாக்கி ஏந்தும் சிப்பாய்க்குக் குறி தவறாமல் சுடுவதில் இடைவிடாத பயிற்சி தர வேண்டும் என்பதே அது. உயிர்நிலையில் படாத குண்டு எந்த அளவானாலும் எதிரியை உடனே நிறுத்தும் என்று நம்ப முடியாது என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். முதல் சிபாரிசு உலகப் பிரசித்தி பெற்றது. இரண்டாவதை நினைவில் வைத்தவர் குறைவு.

ஆறாயிரம் குண்டுகள்

ராணுவம் 45 ரகத்தில் தானியங்கித் துப்பாக்கி வேண்டும் என்று அறிவித்தது. கோல்ட் கம்பெனிக்காகப் பிரௌனிங் வேலையில் இறங்கினார். 1907 முதல் சோதனைமேல் சோதனை நடந்தது. கோளாறு கண்ட இடத்தைத் திருத்துவார்; மறுபடி கொண்டு போவார். கடைசியில் கோல்ட்டும் ஸாவேஜ் கம்பெனியும் களத்தில் நின்றன.

1911 மார்ச்சில் இறுதிப் போட்டி. ஒவ்வொரு துப்பாக்கியிலிருந்தும் 6,000 குண்டுகள் சுட வேண்டும். இரண்டு நாட்கள் இடைவிடாத வெடிச் சத்தம். துப்பாக்கி கை வைக்க முடியாதபடி கொதித்தால் தண்ணீர் வாளியில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். ஸாவேஜ் பல முறை தடுமாறியது. பிரௌனிங்கின் துப்பாக்கி ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. அந்த மாதமே ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. இரண்டு உலக யுத்தங்கள், கொரியா, வியட்நாம் எல்லாவற்றையும் கடந்து 1985 வரை அதுவே அமெரிக்க ராணுவத்தின் கைத்துப்பாக்கியாக இருந்தது.

சிறிய குண்டு, பெரிய யுத்தம்

இதற்குள் வின்செஸ்டருடன் இருந்த உறவு முறிந்துவிட்டது. தானியங்கி வேட்டைத் துப்பாக்கி ஒன்றுக்கு, மொத்தப் பணம் வேண்டாம், விற்பனையில் பங்கு வேண்டும் என்று பிரௌனிங் கேட்டார். கம்பெனி மறுத்தது. 1902 ஜனவரியில் ரெமிங்டன் கம்பெனியின் தலைவரைப் பார்க்கப் போனார். அவர் காத்திருந்த நேரத்திலேயே தலைவர் மாரடைப்பால் இறந்து போனார். பிரௌனிங் மனம் தளரவில்லை; துப்பாக்கியோடு கப்பலேறி பெல்ஜியம் போனார். லியேஜ் நகருக்கு அருகே ஹெர்ஸ்டாலில் இருந்த எஃப். என். தொழிற்சாலை ஏற்கெனவே அவருடைய கைத்துப்பாக்கியைச் செய்து வந்தது. அங்கே அவருக்குக் கிடைத்த மரியாதை பெரிது. ருஷ்யா, பிரான்ஸ் போன்ற நாடுகளில் பிரௌனிங் என்ற சொல்லே கைத்துப்பாக்கிக்குப் பெயராகிவிட்டது.

அந்தத் தொழிற்சாலையில் செய்த ஒரு துப்பாக்கிதான் 1914 ஜூன் 28-ந் தேதி ஸரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் பெர்டினாண்டின் உயிரைக் குடித்தது. சுட்டவன் காவ்ரிலோ பிரின்ஸிப். துப்பாக்கி 45 ரகம் அல்ல. பிரௌனிங் வகுத்த 9 மில்லிமீட்டர் சிறு தோட்டா. அதன் குண்டு ஆறு கிராம் சொச்சம். ராணுவ நிபுணர்கள் சிறிது என்று தள்ளக்கூடிய அந்தக் குண்டைத் தொடர்ந்து முதல் உலக யுத்தம் மூண்டது. 

அமெரிக்கா 1917-ல் யுத்தத்தில் இறங்கியபோது பிரௌனிங் தமது யந்திரத் துப்பாக்கி உரிமைகளைச் சர்க்காருக்குக் கொடுத்தார். முழுப் பங்கு கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட மிகவும் குறைந்த தொகையை ஒப்புக்கொண்டார்.

முடியாத வேலை

யுத்தம் முடிந்த பிறகு, நிறையத் தோட்டாக்கள் கொள்ளும் ராணுவக் கைத்துப்பாக்கி ஒன்று பிரான்ஸுக்குத் தேவைப்பட்டது. பிரௌனிங் மறுபடி உட்கார்ந்தார். இம்முறை அவர் எடுத்துக்கொண்ட தோட்டா தம்முடைய 45 அல்ல. ஜெர்மானியரான லூகர் வகுத்த 9 மில்லிமீட்டர். குண்டின் எடை ஏழெட்டு கிராம்தான். ஆனால் வேகம் அதிகம், உதைப்புக் குறைவு, ஒரே பிடிக்குள் அதிகம் அடங்கும். தம் பெயருக்குப் பெருமை தந்த அளவை ஒதுக்கிவிட்டு, வேறொருவர் வகுத்ததை எடுத்துக்கொள்ள அவர் தயங்கவில்லை. 

1923-ல் அதற்குப் பேடண்டு கேட்டு மனுச் செய்தார். அனுமதி கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை. 1926 நவம்பர் 26-ந் தேதி, லியேஜில் வேலைக்கு நடுவே மாரடைப்பு வந்து, 71-வது வயதில் காலமானார். அவர் விட்ட வேலையை ஸைவ் என்ற பெல்ஜிய நிபுணர் முடித்தார். 1935-ல் வெளிவந்த அந்தத் துப்பாக்கியில் 13 தோட்டாக்கள் அடங்கின. கோல்ட் 45-ல் அடங்குவது ஏழு.

128 பேடண்டுகள் பெற்ற அந்தக் கம்மியர் போன பிறகும் அளவு வாதம் ஓயவில்லை. 1985-ல் அமெரிக்க ராணுவமே 45-ஐ விட்டு 9 மில்லிமீட்டருக்கு வந்தது. 1986-ல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் அமெரிக்கத் துப்பறியும் இலாகாவான எஃப். பி. ஐ.-யின் ஊழியர் இருவர் மாண்டார்கள். 9 மில்லிமீட்டர் போதாது என்று அந்த இலாகா முதலில் 10 மில்லிமீட்டருக்கும், அதன் உதைப்புப் பலருக்குக் கைகொடாமல் போகவே 40 ரகத்துக்கும் போயிற்று. பிறகு, 2015-ஐ ஒட்டி, மீண்டும் 9 மில்லிமீட்டருக்கே வந்து சேர்ந்தது. குண்டுகளின் அமைப்பு திருந்தியிருந்ததும், உதைப்புக் குறைந்தால் குறி தவறுவது குறையும் என்பதும் காரணங்கள்.

இந்தியாவில் உரிமம் பெற்றவர்களுக்காக இஷாப்பூர் தொழிற்சாலை செய்யும் 32 ரகக் கைத்துப்பாக்கிக்கும் போடுவது 1899-ல் வந்த அதே பிரௌனிங் தோட்டாதான். 

கையில் அடங்குமா, உதைப்பைக் கை தாங்குமா, அடிக்கடி சுட்டுப் பழகக் கட்டுப்படியாகுமா, எந்தக் காரியத்துக்கு வேண்டியிருக்கிறது? அளவைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவை இவைதான். விட்டத்தின் எண் அதற்குப் பிறகு வருவது. மாட்டுக் கிடங்கில் சுட்டுப் பார்த்த இரண்டு அதிகாரிகள் 1904-லேயே எழுதி வைத்த அந்த இரண்டாவது சிபாரிசு இன்றும் மாறவில்லை: எந்த அளவானாலும், பட வேண்டிய இடத்தில் பட்டால்தான் குண்டு.