யார் இந்த ஜெர்டன்? எண்ணூர் பருந்துக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

குளிர்காலத்தில் சாயங்கால நேரம் எண்ணூர், பழவேற்காடு பக்கம் போனால் ஒரு பறவையைப் பார்க்கலாம். கோரைப்புல்லுக்கு மேலே தாழ்வாக மிதந்தபடி இரை தேடும். பெயர், சேற்றுப் பூனைப்பருந்து. வடக்கே குளிர் நாடுகளிலிருந்து வலசை வரும் விருந்தாளி. இதுபோன்ற வேட்டைப் பறவைகளை இந்தியாவில் முறையாகப் பதிவு செய்த முன்னோடிகளில் ஒருவர், தாமஸ் ஜெர்டன்.

வேலை டாக்டர், மனசெல்லாம் பறவை

1811-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். எடின்பரோவில் படித்துவிட்டு, 1836-ல் கிழக்கிந்திய கம்பெனியின் உதவி சர்ஜனாக மெட்ராஸ் வந்தார். திருச்சி, ஜால்னா என்று அடிக்கடி மாற்றல். போன இடமெல்லாம் பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்து சேர்த்தார். அந்தக் காலத்தில் ஆராய்ச்சி என்றால் அப்படித்தான்.

எல்லாம் போச்சு... ஆனாலும்!

எது என்ன பறவை என்று உறுதி செய்ய, சேகரிப்பை ஸ்காட்லாந்தில் இருந்த நிபுணர் வில்லியம் ஜார்டைனுக்கு அனுப்பினார். போய்ச் சேர்ந்தபோது பறவைத் தோல்களில் அந்துப்பூச்சி! உழைப்பு வீணானது. வேறு ஒருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். ஜெர்டன் தன் கண்ணையே நம்பினார். 1839-40-ல் மெட்ராஸ் இதழ் ஒன்றில் அவர் வெளியிட்ட பட்டியலில் 420 இனங்கள். கர்னல் சைக்ஸ் முன்பு தந்த பட்டியலைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

நெல்லூர் பாடம்

பிறகு பழவேற்காட்டுக்கு வடக்கே நெல்லூரில் சிவில் சர்ஜன். அங்குள்ள உயிரினங்களைப் பற்றி ஏனாதி பழங்குடி மக்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். இந்திய ஓவியர்கள் வரைந்த படங்களோடு ஒரு பறவை நூலையும் மெட்ராஸில் வெளியிட்டார்.

பெரிய வேலை 1862-64-ல் முடிந்தது. 'இந்தியப் பறவைகள்' நூலின் முதல் தொகுதி கழுகு, பருந்து, பூனைப்பருந்து, ஆந்தை என்று வேட்டைப் பறவைகளோடுதான் தொடங்குகிறது. 1872-ல் ஜெர்டன் இறந்தார். 'ஜெர்டன் பாசா' என்ற வேட்டைப் பறவை இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது.

இப்போ ஏன் இது முக்கியம்?

செம்பருந்து மரத்தில் தூங்கும். பூனைப்பருந்து அப்படியில்லை, ராத்திரி தரையில் புல்லுக்குள்ளேயே தங்கும். குட்டைக்காது ஆந்தையும் பகலில் அப்படித்தான். நமக்குச் சும்மா கிடக்கிற நிலம், அவற்றுக்கு வீடு. எண்ணூரில் சாம்பல் படிந்தும் மண் கொட்டியும் சதுப்பு சுருங்கும்போது முதலில் காலியாவது அந்த வீடுதான். அந்துப்பூச்சி அரித்ததை ஜெர்டன் மறுபடி எழுதிவிட்டார். புல்வெளி போனால் அப்படித் திரும்ப எழுத முடியாது.