காமா பயில்வான்

குத்துச்சண்டை, மல்யுத்தம் முதலிய பந்தயங்களில், யாவரும் ஜயிப்பான் என்று கருதியவன் தோற்று, ஒருவரும் பொருட்படுத்தாதவன் ஜயமடைவது எப்பொழுதோ ஒரு முறை நிகழ்வதுண்டு. 1990-ம் வருஷம் பிப்ரவரி மாதம் டோக்கியோ நகரில், அதுவரை தோல்வியே அறியாத மைக் டைசன், பஸ்டர் டக்ளஸ் என்பவரிடம் பத்தாவது சுற்றில் வீழ்ந்தார். டக்ளஸின்மீது பணம் கட்டினால் ஒன்றுக்கு 42 பங்கு தருவதாக அமெரிக்கப் பந்தயக்காரர்கள் கூறியிருந்தனர். இத்தகைய முடிவுகளை உலகம் அதிசயம் என்று அழைக்கின்றது. நாம் அவ்வாறு கருதவில்லை. அளக்கப்பட்ட மனிதனிடத்தில் அதிசயம் ஒன்றுமில்லை. அளந்தவர்களின் கோலிலேதான் பிழை இருந்தது என்பது நமது அபிப்பிராயம். இதற்கு நம் தேசத்து உதாரணமாக விளங்குபவர் காமா பயில்வான். தாரா சிங்கையும் கிங்காங்கையும் அறிந்த நம் பெரியோர்களுள்ளும், அவர்களுக்கு முற்பட்ட காமாவின் சரித்திரத்தை முற்றும் அறிந்தவர் சிலரேயாவர். ஆதலின் அதனை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுந்தோம்.

காமாவின் இயற்பெயர் குலாம் முகம்மது. காஷ்மீரத்திலிருந்து பஞ்சாபுக்கு வந்து குடியேறிய முஸ்லிம் மல்லர் குடும்பமொன்றில், அமிர்தசரஸ் ஜில்லாவில் அவர் பிறந்தார். பிறந்த வருஷம் 1878 என்று பெரும்பாலோர் கூறுவர். சிறு பிராயத்திலேயே தந்தையை இழந்தார். தந்தையும் ஒரு பயில்வானே. பின்னர்த் தாய்வழிப் பாட்டனாரும் மாமனும் அவரை வளர்த்துக் கோதாவில் இறக்கினர். 1888-ம் வருஷம் ஜோத்பூர் மகாராஜா சமஸ்தானத்தில் பஸ்கிப் போட்டி ஒன்று நடைபெற்றது. நானூறுக்கு மேற்பட்ட மல்லர்கள் கலந்துகொண்ட அப்போட்டியில், கடைசி வரை தளராது நின்ற பதினைவருள் பத்து வயதுச் சிறுவனான காமாவும் ஒருவர். அவர் வயதை எண்ணி வியந்த மகாராஜா அவருக்கே பரிசளித்தார். அதன்பின் தாத்தியா சமஸ்தானாதிபதி அவரைத் தம் ஆதரவில் வைத்துக்கொண்டார்.

பதினேழாம் பிராயத்தில் காமா ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா என்னும் மகா மல்லரைப் போட்டிக்கழைத்தார். ரஹீம் பக்ஷ் ஏறக்குறைய ஏழடி உயரம். காமாவோ 5 அடி 7 அங்குலம். பார்க்க வந்தவர்கள் பையனுக்காகப் பரிதாபப்பட்டிருக்கவேண்டும். எனினும் நெடுநேரம் போராடியும் எவரும் எவரையும் வீழ்த்த முடியவில்லை. அன்று முதல் வட இந்தியாவில் அவர் பெயரை அறியாதார் இல்லை.

1910-ம் வருஷம் நிறத்திமிர் கொண்டோருக்குச் சோதனைக் காலமாயிற்று. அவ்வாண்டு ஜூலை 4-ந் தேதி அமெரிக்காவில் ரீனோ நகரில், நீக்ரோ வகுப்பினரான ஜாக் ஜான்சன், வெள்ளையரின் கௌரவத்தைக் காக்கவென்றே ஓய்விலிருந்து அழைத்துவரப்பட்ட ஜிம் ஜெப்ரீஸைக் குத்துச்சண்டையில் பதினைந்தாவது சுற்றில் முறியடித்தார். பந்தயக்காரர்கள் பெரும்பாலும் ஜெப்ரீஸின் பக்கமே நின்றிருந்தனர். அதன் விளைவாக அந்நாட்டுப் பல நகரங்களில் கலகம் மூண்டு உயிர்களும் மாய்ந்தன. அதே கோடைகாலத்தில் காமா, தம் சகோதரர் இமாம் பக்ஷ் முதலியவர்களுடன் லண்டன் மாநகரிலிருந்தார். அங்கு நடந்த சர்வதேசப் போட்டியில் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உயரம் போதாது என்று காரணம் கூறினர் என்பர். காமா மனம் தளரவில்லை. தம்முடன் பொர விரும்பும் எவரும் வரலாம் என்று பொது அறைகூவல் விடுத்தார். அதை ஏற்றுவந்த அமெரிக்க மல்லரும் வைத்தியருமான பெஞ்சமின் ரோலரை முதன்முறை இரண்டு நிமிஷத்திற்குள்ளும், மறுமுறை பத்து நிமிஷத்திற்குள்ளும் மண்டியிடச் செய்து வீழ்த்தினார். அடைத்த கதவு அதன் பிறகு தானே திறந்தது.

செப்டம்பர் 10-ந் தேதி, ஐரோப்பாவின் தலைசிறந்த மல்லருள் ஒருவரான போலந்து தேசத்து ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவும் காமாவும் எதிர்நின்றனர். பந்தயப் பணம் 250 பவுன். அத்துடன் ஜான் புல் பெயரால் வழங்கும் அரைக்கச்சையும் உண்டு. ஸ்பிஸ்கோ உடற்கனத்தில் காமாவினும் மிக்கவர். ஆனால் தொடங்கிய ஒரு நிமிஷத்திற்குள் அவர் கீழே கொண்டுவரப்பட்டார். அதன்பின் இரண்டரை மணி நேரத்திற்கு மேல், ஆமை ஓட்டுக்குள் ஒடுங்கியதுபோல், மெத்தையை விட்டு எழாது தம்மைக் காத்துக்கொள்வதிலேயே முனைந்திருந்தார். காமாவால் அவரைப் புரட்டி மல்லாத்த இயலவில்லை. முடிவின்றிப் போட்டி நின்றது. செப்டம்பர் 17-ந் தேதி மீண்டும் சந்திப்பதென்று ஏற்பாடாயிற்று. அன்று காமா வந்தார், ஸ்பிஸ்கோ வரவில்லை. பரிசும் கச்சையும் காமாவுக்கே அளிக்கப்பட்டன.

வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இவ்விடத்தில் ஒன்று தோன்றுகிறது. எதிர்வாதி ஆஜராகாவிட்டால் கோர்ட்டார் வாதிக்கு எக்ஸ்பார்ட்டி டிக்ரி வழங்குவதுண்டு. அது செல்லுபடியாகும் டிக்ரிதான்; ஆயினும் வழக்கின் நியாயம் விசாரித்துத் தீர்ந்ததாகாது. தேசாபிமானத்தினால் நாம் அதைப் பூரண ஜயமென்று பறையறைந்தால் உண்மைக்குக் குறை செய்தவராவோம். அக்காலத்தில் மல்லர் உலகின் சிகரத்திலிருந்த அமெரிக்கர் பிராங்க் காட்சும், ருஷ்ய தேசத்து ஹாக்கன்ஷ்மிட்டும் காமாவை ஒரு முறையேனும் எதிர்கொள்ளவில்லை. ஆகவே காமா கச்சையுடன் தாய்நாடு திரும்பினாரேயன்றி, தீர்ப்புடன் திரும்பினாரில்லை.

திரும்பியதும் அலகாபாத்தில் மீண்டும் ரஹீம் பக்ஷைச் சந்தித்து வென்றார். ருஸ்தம்-இ-ஹிந்த் என்னும் விருது அவருடையதாயிற்று. 1922-ம் வருஷம் இந்தியாவுக்கு வந்திருந்த வேல்ஸ் இளவரசர் அவருக்கு வெள்ளிக் கதை ஒன்றைப் பரிசளித்தார். காங்கிரஸின் கட்டளைப்படி தேசம் அவ்விளவரசரைப் பகிஷ்கரித்த காலம் அது. இதை நாம் மறைக்க விரும்பவில்லை. சுதேச மன்னர்களின் சோற்றை உண்டு வாழ்ந்த மல்லருக்கு அன்று வேறு போக்கிடமும் இல்லை.

பதினேழு வருஷங்களுக்கு மேல் கழிந்தன. இதற்கிடையில் ஸ்பிஸ்கோ 1921-ம் வருஷத்திலும், 1925-ம் வருஷத்திலும் அமெரிக்காவில் உலக சாம்பியன் பட்டம் பெற்றார். அத்தகையவர் 1928 ஜனவரியில் பட்டியாலாவுக்கு வந்து காமாவின் முன் நின்றார். இருவரும் ஐம்பதை எட்டும் பிராயத்தினர். இம்முறை மெத்தையில்லை, நம் நாட்டு மண்ணாலான கோதா. ஒரு நிமிஷத்திற்குள் ஸ்பிஸ்கோவின் முதுகு மண்ணில் பட்டது. இந்திய முறையும் இந்திய மண்ணும் காமாவுக்கு அனுகூலமாயிருந்தன என்று ஒருவர் வாதிக்கலாம். லண்டனில் அவர்கள் முறையும் அவர்கள் மெத்தையும் ஸ்பிஸ்கோவுக்கு அனுகூலமாயிருந்தன என்பதே அதற்கு விடை. எதிர்வாதி நேரில் ஆஜராகி, வழக்கு விசாரிக்கப்பட்டு, தீர்ப்பும் கூறப்பட்டது. ஸ்பிஸ்கோ வராதிருந்த பழி நீங்கும்படி அவ்வளவு தூரம் கடல் கடந்து வந்ததையும் நாம் மெச்சவேண்டும்.

காமாவைப் பற்றிய கதைகள் பல. அவர் அருந்திய பாலின் அளவும், தினந்தோறும் எடுத்த தண்டாலின் கணக்கும் கூறுவோர்தோறும் வேறுபடும். பரோடா அருங்காட்சியகத்தில் அவர் தூக்கியதாகச் சொல்லி 1,200 கிலோ எடையுள்ள கல் ஒன்றையும் காட்டுகின்றனர். சாட்சியில் நில்லாத கணக்குகளை நாம் வற்புறுத்த மாட்டோம். அவை இல்லாமலே அவர் பெருமை நிற்கும். இளமை முதல் முதுமை வரை நாள் தவறாது செய்த சாதகமே ஐம்பதாவது பிராயத்தில் அந்த ஒரு நிமிஷமாக விளைந்தது.

1947-ல் தேசம் பிளவுபட்டபோது காமா லாகூரில் வசித்தார். மதவெறி தலைக்கேறிய கூட்டத்தினர் வந்தபொழுது, தம் தெருவிலிருந்த ஹிந்துக்களுக்கு அரணாக நின்று அவர்களைக் காத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அது மெய்யாயின், ஸ்பிஸ்கோவை வீழ்த்தியதினும் அதுவே பெரிய காரியம் என்போம். சமஸ்தானங்கள் மறைந்தன, அவற்றோடு மல்லரின் ஆதரவும் மறைந்தது. நோயும் வறுமையும் அவரை வருத்தின. எல்லைக்கு இப்புறமிருந்து தொழிலதிபர் கன்ஷியாம்தாஸ் பிர்லா அவருக்குப் பொருளுதவி புரிந்தார். 1960 மே 23-ந் தேதி காமா உயிர் நீத்தார்.

நமது கணபதி, கோயமுத்தூர் நகரோடு இணைந்துவிட்ட தொழிற்பகுதி. ஆலையில் உழைத்து, தேகப்பயிற்சிச் சாலையும் நடத்தி, பின்னர்ப் படத்தயாரிப்பில் பேர்பெற்று 1978-ல் காலமான சாண்டோ சின்னப்பா தேவர் கோவையில் தோன்றியவரே. இங்குள்ள வாலிபர்கள் பலர் வேலை முடிந்த மாலை நேரத்தில் உடல் வளர்க்கின்றனர். அவர்களுக்கு நாம் கூறுவது ஒன்றே. பிறர் கோலில் நீங்கள் குள்ளமாகத் தோன்றினால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். அடுத்த நாள் பயிற்சியைத் தவற விடவும் வேண்டாம். செல்வர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜயித்த அன்று மாலை சூட்டுவது எளிது. கோப்பை வாங்கப் போகும் பணத்தில் ஒரு பகுதியை, விளையாட்டு வீரர் முதுமையில் உண்பதற்கென்று ஒதுக்கி வையுங்கள். காமாவுக்கு வந்த தீர்ப்பு தாமதமாகவேனும் வந்தது. அவருக்கு வரவேண்டிய சோறு அவ்வளவு தாமதிக்க நியாயமில்லை.