பலிபீடத்தை மீட்ட யூதாஸ் மக்கபே

யூதாஸ் என்ற பெயர் நம் காதுக்கு இனிப்பதில்லை. அப்பெயரைத் தன் பிள்ளைக்கு இடத் துணிந்த தாயை நாம் கண்டதில்லை; அப்போஸ்தலரான புனித யூதா ததேயுவைக்கூட அப்படி அழைக்கத் தயங்குகிறோம். ஆயினும் அதே பெயர் தாங்கிய மாவீரர் ஒருவர் ஆண்டவர் பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்தார். யூத மக்கள் குளிர்காலத்தில் எட்டு நாள் விளக்கேற்றிக் கொண்டாடும் ஹனுக்கா அவரால் வந்த திருநாள். அச்சொல்லுக்கு அர்ப்பணம் என்பது பொருள். ஆலய யூபிலி கொண்டாடும் நாம் அதன் வரலாற்றை அறிவது தகும்.

அக்காலத்தில் யூதேயா சிரியாவின் கிரேக்க மன்னர்கள் ஆட்சியில் இருந்தது. நான்காம் அந்தியோக்கு மன்னன் ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் தடை செய்தான். திருச்சட்ட ஏடு வைத்திருந்தவர்களுக்கு மரண தண்டனை. கி.மு. 167இல் எருசலேம் ஆலயத்தின் பலிபீடத்தின்மேல் வேற்றுத் தெய்வத்துக்குப் பீடம் எழுப்பிப் பலியிட்டார்கள். இதற்கு வழி திறந்தவர்களுள் தலைமைக் குருப் பதவியைப் பணம் கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. குருவாகிய நமக்கு இதை எழுதவே கை கூசுகிறது.

மோதேயின் ஊரில் மத்தத்தியா என்னும் வேறொரு குரு இருந்தார். பலியிட வற்புறுத்திய அரச அலுவலனையும் அதற்கு இணங்கிய யூதன் ஒருவனையும் வெட்டி வீழ்த்தி, ஐந்து புதல்வரோடு மலைக்கு ஓடினார். அவர் இறந்தபின் தலைவரானவர் மூன்றாம் மகன் யூதாஸ். மக்கபே என்ற பட்டப்பெயருக்குச் சம்மட்டி என அறிஞர் பலர் பொருள் கூறுவர். பெத்கோரோன், எம்மாவு, பெத்சூர் ஆகிய இடங்களில் சிறு படையோடு பெருஞ்சேனைகளை முறியடித்தார்.

வென்றவர் அடுத்து அரியணை தேடவில்லை, ஆலயத்துக்கு ஏறினார். அங்கே முற்றத்தில் காடுபோல் புதர் மண்டியிருந்தது. கதவுகள் எரிந்து கிடந்தன. வீரர்கள் ஆடையைக் கிழித்துக்கொண்டு தலையில் சாம்பல் தூவி அழுதார்கள். அருகிலிருந்த கோட்டையில் பகைவர் படை இன்னும் இருந்தது. அவர்களைத் தடுத்து நிற்க ஒரு பிரிவை நிறுத்தி, மாசற்ற குருக்களைத் தேர்ந்து தூய்மைப் பணியைத் தொடங்கினார். தீட்டுப்பட்ட பழைய பலிபீடத்தை இடித்தபின், அதன் கற்களை என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தூக்கி எறியவும் மனமில்லை. இறைவாக்கினர் ஒருவர் வந்து சொல்லும்வரை இருக்கட்டும் என்று ஆலய மலையிலேயே தனியிடத்தில் அடுக்கி வைத்தார்கள். வரலாறு முழுவதிலும் நம்மை மிகவும் தொடும் இடம் இதுவே.

உளிபடாத கற்களால் புதுப் பீடம் கட்டி, கி.மு. 164 டிசம்பரில், கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் பலியிட்டார்கள். மூன்று ஆண்டுக்கு முன் பீடம் தீட்டுப்பட்டதும் அதே நாளில்தான். விழா ஏன் எட்டு நாள்? மலைக் குகைகளில் ஒளிந்திருந்தபோது கூடாரத் திருவிழாவை முறையாகக் கொண்டாட முடியாததால், அதைப்போலவே மகிழ்ந்து கொண்டாடினார்கள் என்கிறது மக்கபேயர் இரண்டாம் நூல். ஒருநாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்த புதுமையைப் பிற்காலத்துத் தல்மூத் சொல்கிறது. விந்தை என்னவெனில், மக்கபேயர் நூல்கள் யூதர்களின் மறைநூல் வரிசையில் இல்லை. அவற்றைத் திருமறையில் காத்து வந்தது திருச்சபை. 1546இல் திரிதெந்தின் சங்கம் அதை உறுதிப்படுத்தியது.

நம் ஆண்டவரும் இவ்விழாவின்போது எருசலேமில் இருந்தார். குளிர்காலத்தில் சாலமோன் மண்டபத்தில் உலாவினார் என்று அருளப்பர் 10ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். பீடத்தின் அர்ப்பணத்தைக் கொண்டாடிய அந்நாட்களில், தந்தையால் அர்ப்பணிக்கப்பட்டு அனுப்பப்பட்டவர் தாமே என்றார். கேட்டவர்கள் அவர்மேல் எறியக் கல்லெடுத்திருந்தார்கள்.

யூதாஸ் பின்னர் போரில் மடிந்த தம் வீரர்களின் பாவம் தீர 2,000 வெள்ளித் திராக்மா திரட்டி எருசலேமுக்குப் பலிக்காக அனுப்பினார். நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளில் நாம் செபிப்பதற்கு இதுவும் ஆதாரம். கி.மு. 160இல் எலாசாவில் பெரும்படையைக் கண்டு அவருடைய 3,000 பேரில் 800 பேரே எஞ்சினர். ஓடிவிடலாம் என்றார்கள், அவர் மறுத்து நின்று வீழ்ந்தார். சகோதரர்கள் உடலைத் தூக்கிச் சென்று மோதேயினில் தந்தையின் கல்லறையில் வைத்தார்கள்.