லெவ் யாஷின்

லெவ் இவானோவிச் யாஷின் (அக்டோபர் 22, 1929 – மார்ச் 20, 1990) சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற காற்பந்து வீரர் ஆவார். கோல்காப்பாளராக விளையாடிய இவர், காற்பந்து வரலாற்றின் மிகச் சிறந்த கோல்காப்பாளர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார். ஆண்டின் சிறந்த ஐரோப்பிய வீரருக்கு வழங்கப்பட்ட பாலோன் டி'ஓர் விருதை 1963 ஆம் ஆண்டில் பெற்றார். இவ்விருதைப் பெற்ற ஒரே கோல்காப்பாளர் இவரே. கருநிற உடையாலும் நீண்ட கைகளாலும் "கருஞ்சிலந்தி" என்ற பட்டப்பெயரால் அறியப்பட்டார்.

இளமைக் காலம்

யாஷின் மாஸ்கோவில் தொழிலாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். 1941 இல் செருமனி சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்தபோது இவருடைய தந்தை பணியாற்றிய தொழிற்சாலை உல்யானவ்ஸ்க் நகருக்கு இடம் பெயர்ந்தது. குடும்பமும் உடன் சென்றது. பதின்ம வயதின் தொடக்கத்திலேயே யாஷின் படிப்பை நிறுத்திவிட்டு, போர்த் தளவாடங்கள் செய்யும் அத்தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் மாஸ்கோ திரும்பிய பிறகும் தொழிற்சாலை வேலை தொடர்ந்தது. ஓய்வு நேரத்தில் தொழிற்சாலை அணிக்காக விளையாடி வந்தார்.

சிறு வயதிலிருந்தே ஓய்வின்றி உழைத்ததால் 18 ஆம் வயதில் கடும் மனச்சோர்வுக்கு உள்ளாகி வேலைக்குச் செல்வதை நிறுத்தினார். அனுமதியின்றி வேலையை விட்டு நிற்பது அக்காலச் சோவியத் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் ஆகும். எனவே முன்கூட்டியே படைச் சேவையில் சேர்ந்தார். அங்கு இவரது ஆட்டத்தைக் கண்ட பயிற்சியாளர் அர்க்காதி செர்னிசோவ், இவரை தினமோ மாஸ்கோ கழகத்தின் இளையோர் அணியில் சேர்த்துக்கொண்டார்.

தினமோ கழகத்தில்

தினமோவில் யாஷினின் தொடக்கம் சிறப்பாக அமையவில்லை. 1950 இல் நட்புமுறை ஆட்டம் ஒன்றில், எதிரணிக் கோல்காப்பாளர் நெடுந்தொலைவிலிருந்து உதைத்த பந்தைப் பிடிக்க ஓடிவந்து, தம் அணி வீரர் ஒருவருடன் மோதிக்கொண்டார். பந்து கோலுக்குள் சென்றது. அக்காலத்தில் தினமோவின் முதன்மைக் கோல்காப்பாளராக இருந்தவர், "புலி" என்று அழைக்கப்பட்ட அலெக்சி கோமிச் ஆவார். எனவே அடுத்த சில ஆண்டுகள் யாஷின் பெரும்பாலும் இரண்டாம் நிலை அணியிலேயே காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டுகளில் தினமோவின் பனி ஹாக்கி அணியிலும் கோல்காப்பாளராக விளையாடினார். 1953 இல் அவ்வணி சோவியத் கோப்பையை வென்றது.

1953 இல் காற்பந்து முதல் அணியில் நிலையான இடம் பெற்ற யாஷின், 1970 இல் ஓய்வு பெறும் வரை வேறு எந்தக் கழகத்திலும் விளையாடவில்லை. தினமோவுக்காக 326 கூட்டிணைவு ஆட்டங்களில் ஆடினார். இவரது காலத்தில் தினமோ 1954, 1955, 1957, 1959, 1963 ஆகிய ஆண்டுகளில் சோவியத் வாகையர் பட்டத்தையும், 1953, 1967, 1970 ஆகிய ஆண்டுகளில் சோவியத் கோப்பையையும் வென்றது.

ஆடும் முறை

அக்காலக் கோல்காப்பாளர்கள் பெரும்பாலும் கோல் கோட்டிலேயே நின்று, தம்மை நோக்கி வரும் பந்தைத் தடுப்பதையே கடமையாகக் கொண்டிருந்தனர். யாஷின் இவ்வழக்கத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர். எதிரணியினர் பந்துடன் நெருங்கும் முன்னரே முன்னோக்கி ஓடிவந்து பந்தைக் கைப்பற்றுவார். தேவைப்பட்டால் தண்டப் பரப்புக்கு வெளியே வந்து காலால் அல்லது தலையால் பந்தை அகற்றுவார். பிடிப்பதற்குக் கடினமான பந்துகளை முட்டியால் குத்தி வெளியேற்றினார். பந்து கைக்கு வந்தவுடன் தம் அணி வீரருக்கு விரைவாக எறிந்து எதிர்த்தாக்குதலைத் தொடங்கி வைத்தார். தடுப்பாட்டக்காரர்கள் நிற்க வேண்டிய இடத்தை உரத்த குரலில் கூறிக்கொண்டே இருப்பதும் இவரது வழக்கம். கோல்காப்பாளரைப் பதினோராவது ஆட்டக்காரராகக் கருதும் இன்றைய முறைக்கு இவரும் ஒரு முன்னோடி ஆவார்.

நாட்டு அணியில்

1954 இல் சோவியத் ஒன்றிய அணியில் முதன்முறையாக இடம்பெற்றார். 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் அவ்வணி தங்கப் பதக்கம் வென்றது. 1958 இல் சோவியத் ஒன்றியம் முதன்முறையாகப் பங்குபற்றிய உலகக்கோப்பையில் காலிறுதி வரை முன்னேறியது. 1960 இல் பாரிசில் நடைபெற்ற முதலாவது ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் யுகோசுலாவியாவை 2–1 என்ற கணக்கில் வென்று வாகை சூடியது. 1964 இறுதியாட்டத்தில் எசுப்பானியாவிடம் தோற்று இரண்டாம் இடம் பெற்றது.

1962 உலகக்கோப்பையும் மீட்சியும்

சிலியில் நடைபெற்ற 1962 உலகக்கோப்பை யாஷினின் வாழ்வில் பெரும் சோதனையாக அமைந்தது. கொலம்பியாவுக்கு எதிராக 4–1 என முன்னிலையில் இருந்த சோவியத் அணி, இறுதியில் 4–4 எனச் சமநிலை அடைந்தது. அவ்வாட்டத்தில் மார்க்கோசு கோல் என்ற வீரர் மூலை உதையிலிருந்து நேரடியாக ஒரு கோல் அடித்தார். ஆடவர் உலகக்கோப்பையில் இவ்வாறு அடிக்கப்பட்ட ஒரே கோல் இதுவாகும். காலிறுதியில் சிலி 2–1 என வென்றது. அவ்விரண்டு கோல்களும் தொலைவிலிருந்து அடிக்கப்பட்டவை.

இப்போட்டிகளைச் சோவியத் மக்கள் தொலைக்காட்சியில் நேரடியாகக் காணவில்லை. நாளிதழ்ச் செய்திகளைக் கொண்டே தோல்விக்கான காரணத்தை அறிந்தனர். பழி முழுவதும் யாஷின் மீது விழுந்தது. மாஸ்கோ அரங்கில் இவர் களமிறங்கியபோது பார்வையாளர்கள் சீழ்க்கையடித்து எள்ளினர். வீட்டுச் சன்னல் கண்ணாடிகள் உடைக்கப்பட்டன. அப்போது இவருக்கு வயது 32. பலரும் இவரது ஆட்டக்காலம் முடிந்துவிட்டதாகக் கருதினர். யாஷினும் ஓய்வு பெறுவது பற்றி எண்ணினார். சிறிது காலம் மீன்பிடித்துப் பொழுதைக் கழித்துவிட்டு, மீண்டும் பயிற்சிக்குத் திரும்பினார்.

அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. 1963 இல் தினமோ வாகையர் பட்டம் வென்றது. அக்டோபர் 23, 1963 அன்று இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கத்தின் நூற்றாண்டை முன்னிட்டு வெம்பிளி அரங்கில் நடந்த ஆட்டத்தில், இங்கிலாந்துக்கு எதிரான உலக அணியின் கோல்காப்பாளராக யாஷின் தெரிவானார். முதற்பாதியில் விளையாடிய இவர் ஒரு கோலையும் விடவில்லை. அடுத்த மாதம் உரோமில் இத்தாலிக்கு எதிராக நடந்த ஆட்டத்தில் சாந்திரோ மசோலாவின் பெனால்ட்டி உதையைத் தடுத்தார். அவ்வாண்டின் இறுதியில் பாலோன் டி'ஓர் விருது இவருக்குக் கிடைத்தது.

1966 உலகக்கோப்பையில் சோவியத் அணி நான்காம் இடம் பெற்றது. உலகக்கோப்பைகளில் அவ்வணி அடைந்த உயர்ந்த நிலை இதுவே. 1970 இல் மெக்சிக்கோ சென்ற அணியிலும் மாற்றுக் கோல்காப்பாளராக இடம்பெற்றார்.

பிற்கால வாழ்க்கை

மே 27, 1971 அன்று மாஸ்கோ லெனின் அரங்கில் இவருக்குப் பிரியாவிடை ஆட்டம் நடத்தப்பட்டது. இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டுகளித்த அவ்வாட்டத்தில் பொபி சார்ல்டன், கெர்ட் முல்லர் உள்ளிட்ட வீரர்கள் எதிரணியில் விளையாடினர். அதன் பின்னர் தினமோ கழகத்தில் நிருவாகப் பொறுப்புகளை வகித்தார். நீண்ட காலமாகப் புகைப்பழக்கம் கொண்டிருந்த இவருக்கு, 1980களில் குருதி ஓட்டக் கோளாற்றினால் ஒரு கால் அகற்றப்பட்டது. 1990 மார்ச்சில், இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், சோசலிச உழைப்பின் வீரர் என்ற பட்டம் வழங்கப்பட்டது. மார்ச் 20 அன்று இரைப்பைப் புற்றுநோயால் மாஸ்கோவில் காலமானார்.

நினைவுகள்

1994 முதல் 2006 வரை உலகக்கோப்பையின் சிறந்த கோல்காப்பாளருக்கான விருது யாஷினின் பெயரால் வழங்கப்பட்டது. 2019 முதல் பிரான்சு புட்பால் இதழ், ஆண்டின் சிறந்த கோல்காப்பாளருக்கு யாஷின் விருதை வழங்கி வருகிறது. உருசியாவில் நடைபெற்ற 2018 உலகக்கோப்பையின் அதிகாரபூர்வச் சுவரொட்டியில் பந்தை நோக்கிப் பாயும் இவரது உருவம் இடம்பெற்றது.

2017 இல் வெளியான பிஃபா 18 நிகழ்பட ஆட்டத்தில், பெலே, மரடோனா ஆகியோருடன் யாஷினும் பழம்பெரும் வீரர்கள் வரிசையில் சேர்க்கப்பட்டார். அவ்வரிசையில் உள்ள ஒவ்வொரு வீரருக்கும் அவர்தம் வாழ்வின் வெவ்வேறு காலகட்டங்களைக் குறிக்கும் மூன்று அட்டைகள் வெவ்வேறு மதிப்பெண்களுடன் அமைக்கப்பட்டிருந்தன. யாஷின் இறந்த பிறகு பிறந்த தலைமுறையினர் பலர் இவரது பெயரை முதன்முதலில் அறிந்துகொண்டது இவ்வாட்டத்தின் வழியாகவே ஆகும்.